ஒரே ஆள், இரண்டு பதிவு

கொழும்பில் நான் வேலை செய்யும் சுகாதாரப் பணிமனையில் டெங்கு நோயாளர் விபரங்களை எக்செலில் ஏற்றுவது என் பொறுப்பு. ஒருநாள், நோயாளர் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து, "தங்கச்சி, ஒரே வீட்டுக்கு ரெண்டு தரம் போயிட்டு வாறன்" என்றார். பார்த்தால் ஒரு பதிவில் பழைய அடையாள அட்டை எண், மற்றதில் புதிய 12 இலக்க எண்.

பழைய எண்ணில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸும் இருக்கும். எழுத்தை நீக்கி, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0, எல்லாவற்றுக்கும் முன்னால் 19 சேர்த்தால் புதிய எண் கிடைத்துவிடும். இதைச் சூத்திரமாக்கித் தனி நிரலில் (கொலத்தில்) போட்டேன். புதிய எண்ணை நேரே அடிக்கும் நிரலை டெக்ஸ்ட் வடிவத்தில் வைக்காவிட்டால் எக்செல் 12 இலக்கத்தைக் குழப்பிவிடும். எனக்கு அரைநாள் போனது அதில்தான்.

இரட்டைப் பதிவுகளை உடனே அழிப்பதில்லை. திரும்பவும் காய்ச்சல் வந்த ஆளாகவும் இருக்கலாம். திகதியைப் பார்த்து, வீட்டுக்கு ஒரு கோல் எடுத்த பிறகுதான் கை வைப்பேன்.