கோணேசர் மலையில் நின்று கடற்பறவை பார்க்கப் பழகுவோம்

கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவருகே நின்று கீழே எட்டிப் பார்க்காத திருகோணமலைக்காரர் இருக்க மாட்டார். அலை பாறையில் மோதுவதைப் பார்ப்போம். அதே நேரம் நம் காலுக்குக் கீழே ஒரு கடற்கழுகு சாம்பல் முதுகைக் காட்டியபடி கடந்து போகும், அதைத் தவறவிட்டுவிடுவோம். பறக்கும் பறவையை மேலிருந்து பார்க்க எல்லா ஊரிலும் வாய்க்காது. அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களை முதலில் இங்கே வரச் சொல்கிறேன்.

1. காலமும் நேரமும்

வலசைப் பறவைகள் ஆவணி, புரட்டாதியில் வடக்கிலிருந்து வரத் தொடங்கும். சித்திரைக்குள் பெரும்பாலானவை திரும்பிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை எங்களுக்கு வாடை மழை. ஆகவே தொடங்குவதற்கு மாசி, பங்குனிதான் நல்லது: மழை ஓய்ந்திருக்கும், பறவைகளும் இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் நீலத் திமிங்கிலம் ஊதுவதும் தெரியும்.

பறவை பார்க்க விடியற்காலையில் போ என்பார்கள். காட்டுக்கு அது சரி. இங்கே கடல் கிழக்கே இருக்கிறது. காலை வெயில் நேரே கண்ணில் அடிக்க, எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகவே தெரியும். பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு போங்கள். சூரியன் முதுகுப் பக்கம் வந்துவிடும். அலகின் நிறம்கூடப் பளிச்சென்று தெரியும்.

2. கொண்டுபோக வேண்டியவை

8×42 தொலைநோக்கி ஒன்று போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீற்றர். பத்து மடங்கை வாங்க ஆசை வரும். மலைக்காற்றில் கை ஆடும்போது படமும் சேர்ந்து ஆடும். உப்புத் தூவல் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் விழும், முதலில் நல்ல தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். கொப்பி, பென்சில், தொப்பி.

கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரடரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. தொலைநோக்கியைக் கடல் பக்கம் மட்டும் திருப்புங்கள், சந்தேகமென்றால் வாசலிலேயே கேளுங்கள். கோயில் எல்லைக்குள் செருப்பில்லை. வேலியைத் தாண்டவே வேண்டாம்.

3. தேடும் விதம்

முதலில் வெறுங்கண்ணால் கடலைப் பாருங்கள். பாறையடி, நடுக்கடல், தொடுவானம் என்று மனதில் மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக மெல்லத் துழாவுங்கள். பறவை தெரிந்தால் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தொலைநோக்கியைக் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்தீர்களோ, பறவை போய்விடும். பக்கத்தில் நிற்பவருக்குக் காட்ட வள்ளங்களே அடையாளம்: "அந்த நீல வள்ளத்துக்கு இடப்பக்கம், இரண்டு விரல் தள்ளி." வலை இழுக்கும் இடத்தை விடாமல் கவனியுங்கள். மீன் இருக்கும் இடத்தில் ஆலா என்னும் கடற்பறவைகள் கூடும்.

4. ஒரே ஒரு பறவை

எனக்கு முக்கியமான படி இதுதான். பத்துப் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் மூன்று நான்கு பின்னேரங்களைப் பெரிய கொண்டை ஆலாவுக்கே கொடுங்கள். நீண்டு கூரான சிறகு, கவடுபட்ட வால், மஞ்சள் அலகு, பின்தலையில் சிலிர்த்த கறுப்புக் கொண்டை. அலகைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி பறந்து வரும், ஒரு நொடி அந்தரத்தில் நிற்கும், சிறகை மடக்கித் தலைகீழாகக் கடலில் விழும். இந்தப் பறப்பு உங்கள் கண்ணில் பதிந்துவிட்டால் அதுவே மற்றப் பறவைகளுக்கு அளவுகோல்.

அதே வடிவம், கொஞ்சம் சிறியது, அலகு செம்மஞ்சள் என்றால் சிறிய கொண்டை ஆலா. பெரிய உடம்பு, கரட் போலத் தடித்த சிவப்பு அலகு என்றால் காஸ்பியன் ஆலா. சிறகு அகன்று, தண்ணீரில் தாரா போல மிதந்துகொண்டிருந்தால் அது கடற்காகம். ஆலா அப்படி மிதப்பது அரிது. சிறகை V வடிவில் தூக்கி அடிக்காமலே மிதந்து வருவது வெண்வயிற்றுக் கடற்கழுகு. செம்பழுப்பு உடம்பும் வெள்ளைத் தலையும் கருடன்.

பங்குனிக் கடைசியில் இன்னொன்றையும் பாருங்கள். ஆலாக்களின் வெளுத்திருந்த உச்சந்தலையில் கறுப்பு நிறையத் தொடங்கும். இனப்பெருக்கக் கோலத்துக்கு மாறுகின்றன. அதை முதன்முதலாக நீங்களாகவே கண்டுபிடிக்கும் நாள் மறக்காது.

5. குறிப்பு

திகதி, நேரம், காற்றின் திசை, எண்ணிக்கை. கூட்டமென்றால் பத்துப் பறவையை எண்ணி, அந்த அளவு எத்தனை தடவை வருகிறதென்று கணக்கிடுங்கள். தெரியாத பறவைக்குப் பெயர் போடாமல், கண்டதை வரைந்து வையுங்கள்.

6. அடுத்த இடங்கள்

மலை பழகியபின் புல்மோட்டை வீதியால் குச்சவெளிக் களப்புக்குப் போங்கள். சேற்றில் பவளக்காலி, பச்சைக்காலி, உள்ளான் போன்ற கரைப்பறவைகள் மேயும். தண்ணீருக்கு மேலே மீசை ஆலா நீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும், கொண்டை ஆலா போல விழாது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகி, 2003 இல் தேசியப் பூங்காவானது. அந்தப் பெயரைத் தந்த மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. பாறைகளில் ஏறாதீர்கள். கூட்டிலிருந்து பறவை எழும்பினால் முட்டை வெயிலில் காயும், காகமும் காத்திருக்கும். களப்பிலும் அப்படித்தான்: மேய்கிற பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினாலே நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த இடத்திலேயே நின்று, மெதுவாகப் பத்தடி பின்னால் வாருங்கள். கொஞ்ச நேரத்தில் அது மறுபடி மேயும்.