'பர்லி விக்டோரியஸ்' போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளைஞர் குழுவின் ரிகர்சலுக்குப் போயிருந்தேன். அமெரிக்க நாடக ஆசிரியர் ஆஸி டேவிஸின் 'பர்லி விக்டோரியஸ்' நாடகத்தைத் தமிழாக்கி வாசித்துக்கொண்டிருந்தார்கள். முதல் முறை இதே நாடகத்தைக் கையில் எடுத்தபோது நான் செய்த தப்பு, கால் மணி நேரத்துக்குள் அங்கே அப்படியே நடந்தது. வசனம் மறப்பது, வெளிச்சத்தை விட்டு விலகி நிற்பது எல்லாம் நாலு மேடை ஏறினால் தானாகச் சரியாகிவிடும். இது அப்படிச் சரியாகாது.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு பருத்திப் பண்ணை. முதலாளி கேப்டன் கோச்சிபீ, கையில் சாட்டையோடு திரிகிற வெள்ளைக்காரர். அவர் கடையில் வாங்கிய கடனை அடைக்க முடியாமலே கறுப்பினத் தொழிலாளிகள் அங்கே கட்டுண்டு கிடக்கிறார்கள். பிரசங்கியான பர்லி ஊர் திரும்புகிறான். குடும்பத்துக்குச் சேர வேண்டிய 500 டாலர் கேப்டனிடம் இருக்கிறது. அதை வாங்கி, பிக் பெத்தேல் தேவாலயத்தை மீட்க வேண்டும். அந்தப் பணத்துக்கு வாரிசான பீ இறந்துபோனதால், அவளாக நடிக்க லூட்டிபெல் என்ற பெண்ணைக் கூட்டி வருகிறான். நாடகம் 1961 செப்டம்பரில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் அரங்கேறி, 261 காட்சிகள் ஓடியது. டேவிஸே பர்லியாக நடித்தார். லூட்டிபெல்லாக நடித்தது அவர் மனைவி ரூபி டீ.

கிட்லோவை முட்டாளாக்குவது

பர்லியின் சகோதரன் கிட்லோ. முதலாளி எது சொன்னாலும் தலையாட்டுவான். கேப்டனின் மகன் சார்லி, நிறப் பாகுபாடு தப்பு என்று அப்பாவோடு சண்டை போடுகிறான். "எங்கள் ஆட்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்" என்று நிரூபிக்க, கேப்டன் சாட்சிக்குக் கூப்பிடுவது கிட்லோவைத்தான்.

அன்று ரிகர்சலில் கிட்லோவாக நடித்த பையன் கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, கூனிக் குறுகி ஆமாம் போட்டான். கூடம் அதிரச் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடிபட்ட மனிதனைப் பார்த்துச் சிரிக்க வைப்பதற்கு இந்த நாடகம் எதற்கு? 19ஆம் நூற்றாண்டில் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு செய்தது இதைத்தானே?

கிட்லோ பிழைக்கத் தெரிந்தவன். அந்தப் பணிவு அவன் மாட்டிக்கொள்ளும் முகமூடி, அதைக் கழற்றினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் முதல் முறை இந்த நாடகத்தைப் போட்டபோது, எங்கள் காட்சி முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த கிட்லோ பாவம், ஒண்ணும் தெரியாத அப்பாவி" என்று அன்பாகச் சொன்னார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. மூன்று மாத உழைப்பு, பார்த்தவர் மனதில் தலைகீழாகப் போய் உட்கார்ந்திருந்தது.

சரி, என்ன செய்வது? பதில் சொல்வதற்கு முன் கிட்லோவின் பார்வை சாட்டைக்கு ஒரு நொடி போய் வரட்டும். அப்புறம் "ஆமாங்க முதலாளி" என்பதைச் சாதாரணமாக, நேராகச் சொல்லச் சொல்லுங்கள். முகத்தில் எதுவும் வேண்டாம். அப்போது சிரிப்பு, அதை நம்புகிற கேப்டன் மேல் விழும். முதல் மேடையேற்றத்தில் இந்தப் பாத்திரத்தில் நடித்த காட்ஃப்ரி கேம்ப்ரிட்ஜ், 1962இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். காமெடிக்கு ஒரு ஆள் என்று நினைத்து யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள்.

கேப்டனை அரக்கனாக்குவது

வேண்டாம். தான் நல்லவன் என்று மனதார நம்புகிறவர் அவர்.

சிரிப்பை முந்திக்கொண்டு காட்டுவது

லூட்டிபெல் பீயாக நடித்துக் கேப்டனை நம்பவைத்துவிடுகிறாள். பணமும் கைக்கு வரப்போகிறது. ரசீதில் கையெழுத்துப் போடும்போது தன் சொந்தப் பெயரையே எழுதிவிடுகிறாள். பேனாவை எடுக்கும்போதே சபையைப் பார்த்து விழிக்கிற நடிகையை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அவள் பெருமையோடு, நிதானமாக, எழுத்து எழுத்தாக எழுத வேண்டும். 2023 மறுமேடையேற்றத்தில் லூட்டிபெல்லாக நடித்த காரா யங் அடுத்த ஆண்டு டோனி விருது வாங்கினார்.

செல்போனைச் செருகுவது

பழைய நாடகம் என்றால் உடனே "இன்றைக்கு ஏற்றபடி" மாற்றக் கை பரபரக்கும். பிராட்வேயில் இது மறுபடி மேடையேற 62 ஆண்டுகள் ஆயின. மியூசிக் பாக்ஸ் அரங்கில் கென்னி லியான் இயக்கினார், பர்லியாக நடித்தவர் லெஸ்லி ஓடம் ஜூனியர். கதையை அந்தப் பருத்திப் பண்ணையிலேயே விட்டுவைத்தார்கள். நடுவில் இடைவேளை கிடையாது, ஒரே மூச்சில் ஓடியது. நிகழ்காலத்தோடு முடிச்சுப் போடும் வேலையைப் பார்ப்பவர்களிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் செய்துகொள்வார்கள்.

பிரதியை மாற்றி வாங்குவது

1970இல் வந்த 'பர்லி' இசை நாடகம். அது வேறு.

கேப்டனைத் தரையில் சாய்ப்பது

தேவாலயத்தைத் தன் மகனே பர்லியின் பெயருக்கு எழுதிவிட்டான் என்று தெரிந்ததும் கேப்டன் உயிரை விடுகிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழ எல்லா நடிகருக்கும் ஆசை. விழக் கூடாது. அவர் நின்றபடியே சாகிறார்.