வரிசை முடியும் முன் பாட்டைத் தொடாதீர்கள்: ஸ்டோரிபோர்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாலைந்து பேருக்கு வீடியோ எடிட்டிங் சொல்லித் தருகிறேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியிலிருந்து வருகிற பிள்ளைகள். போன வாரம் ஒரு பெண் தன் அக்கா மகனின் காதுகுத்து வீடியோவைக் கோத்துக்கொண்டிருந்தாள். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் எடுத்தது. கிளிப்புகளைக் கட்டம் கட்டமாக வரிசையில் அடுக்கும் ஸ்டோரிபோர்டில் ஆறு கிளிப்தான் விழுந்திருந்தது. அதற்குள் பாட்டை இழுத்துக் கீழே போட்டுவிட்டாள்.

"வேணாம்மா, எடு" என்றேன்.

"பாட்டு இருந்தாத்தான்க்கா எனக்கு வேலையே ஓடுது" என்றாள்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அடிக்கடி சேவ் செய்யுங்கள், ஒரிஜினல் பைலை அழிக்காதீர்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஸ்டோரிபோர்டைப் பார்த்து நீளத்தை நம்புவது

1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்தி வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பலகைதான் ஸ்டோரிபோர்டு. சரியில்லாத தாளைப் பிடுங்கி வேறிடத்தில் குத்துவது சுலபம். அங்கே எடுப்பதற்கு முன் பலகை. நம் வீட்டு வீடியோவுக்கு எல்லாம் எடுத்து முடித்த பிறகு பலகை. மற்றபடி வேலை ஒன்றுதான்: எதற்குப் பின் எது என்று முடிவு செய்வது.

2000-இல் விண்டோஸ் மீ-யோடு வந்த மூவி மேக்கர் என்ற எடிட்டிங் மென்பொருளில்தான் என் வயதுக்காரர்கள் பலர் இதைக் கற்றோம். 2017 ஜனவரியோடு அதைத் தருவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கிளிப்புகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் முறை பல மென்பொருள்களில் இன்னும் இருக்கிறது. அந்தக் கட்டங்கள் எல்லாம் ஒரே அளவு. இரண்டு விநாடி கிளிப்புக்கும் அதே கட்டம், நான்கு நிமிடம் ஓடும் கிளிப்புக்கும் அதே கட்டம். பத்துக் கட்டத்தைப் பார்த்துவிட்டு "சின்ன வீடியோதான்" என்று நினைத்து, கடைசியில் அரை மணி நேரம் ஓடுவதைக் கண்டு திகைத்தவர்கள் உண்டு. நீளம் தெரிய வேண்டுமென்றால், ஓடும் நேரத்துக்கு ஏற்ற நீளத்தில் கிளிப்புகளைக் காட்டும் டைம்லைனுக்கு மாறிப் பாருங்கள்.

எடுத்ததையெல்லாம் அடுக்குவது

அந்தக் காதுகுத்துக்கு 312 கிளிப். பார்த்து, கழித்து, அப்புறம் அடுக்குங்கள்.

வரிசை முடியும் முன் ஒலியைப் போடுவது

இந்த ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்னமும் யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காசிமேட்டில் ஒரு வீட்டுக் கல்யாணம். மணப்பெண்ணின் ஆயா தன் கல்யாணத்திலிருந்து பேத்தி கல்யாணம் வரைக்கும் குடும்பக் கதையைச் சொல்ல, அதை போனில் பதிவு செய்து கொடுத்தார்கள். சரியாக நான்கு நிமிடம். கூடவே 48 போட்டோ. ஒவ்வொன்றும் ஐந்து விநாடி என்று வைத்தேன். 240 விநாடி, அதே நான்கு நிமிடம். ஆயா யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர் முகம் அந்த நேரத்தில் வரும்படி வரிசை அமைந்தது. முப்பதாவது போட்டோ அவருடைய வீட்டுக்காரர்; கரையில் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். அவருக்கென்று வீட்டில் இருந்த ஒரே படம் அதுதான்.

வரவேற்புக்கு முதல் நாள் இரவு பெண்ணின் பெரியப்பா வந்தார். "அந்த ரெண்டு போட்டோவ எடுத்துடும்மா. அவங்களோட இப்ப பேச்சுவார்த்தை இல்ல" என்றார். முன்பாதியில் இருந்த படங்கள். எடுத்தேன். எடுத்த கையோடு, போட்டோக்கள் வெடுக்கென்று மாறுகின்றனவே என்று எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு விநாடி டிரான்சிஷன் போட்டேன். முதல் அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. எக்ஸ்போர்ட் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நடந்தது என்னவென்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டோரிபோர்டில் ஒரு கட்டத்தை எடுத்தால் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் நகர்ந்து இடைவெளியை மூடிவிடும். ஒலி நகராது, அது தனி ட்ராக். இரண்டு போட்டோ போனதில் பத்து விநாடி போயிற்று. டிரான்சிஷன் என்பது கூடுதல் நேரம் இல்லை. முதல் படத்தின் கடைசி விநாடியும் அடுத்த படத்தின் முதல் விநாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது. 46 போட்டோவுக்கு நடுவில் 45 டிரான்சிஷன்; அதில் இன்னொரு 45 விநாடி. ஆக, படம் 185 விநாடியில் முடிந்துவிட்டது. குரலோ 240 விநாடி. முதல் அரை நிமிடத்தில் பிசகு ஐந்தாறு விநாடிக்குள்தான், அதனால் என் கண்ணில் படவில்லை. போகப்போகக் கூடிக்கொண்டே போயிருக்கிறது.

மண்டபத்தில் பெரிய திரை. ஆயா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "இவருதான் என் வூட்டுக்காரரு" என்று அவர் குரல் வந்தபோது அந்தப் படம் 37 விநாடிக்கு முன்பே வந்து போய்விட்டது. திரையில் ஒன்பது படம் தள்ளி, சம்பந்தமே இல்லாத ஒரு பையன் ஐஸ் வண்டி மேல் உட்கார்ந்திருந்தான். கூட்டம் சிரித்தது. ஆயா திரும்பிப் பக்கத்தில் இருந்த மகளிடம், "அவரு படம் எங்க?" என்று கேட்டார். கடைசி 55 விநாடி கறுப்புத் திரையில் அவர் குரல் மட்டும் ஓடியது.

மறுநாளே சரிசெய்து கொடுத்தேன். ஆனால் சொந்தபந்தம் அத்தனை பேரும் அவருக்காக மறுபடி ஒரு முறை கூடி உட்காரவா போகிறார்கள்? அந்தப் பெரியப்பா மேல் தவறில்லை. வீட்டு வீடியோவில் கடைசி நேரத்தில் யாராவது எதையாவது எடுக்கச் சொல்வார்கள். அதற்கு இடம் வைத்து வேலை செய்யாதது என் தவறு.

இப்போது நான் செய்வது இது. முதலில் கட்டங்கள் மட்டும். ஒலி எதுவும் சேர்க்காமல் முழுவதும் ஓட்டிப் பார்ப்பேன். அதை வீட்டுக்காரர்களுக்கும் போட்டுக் காட்டி, யார் வேண்டும், யார் வேண்டாம் என்று கேட்டு முடித்துவிடுவேன். பிறகு போட்டோவின் நேரம், டிரான்சிஷன். இவை முடிந்த பிறகுதான் டைம்லைனுக்குப் போய்ப் பாட்டும் குரலும். பேச்சை ஒரே நீளமாகப் போடாமல், ஆளுக்கு ஆள் துண்டாக்கி அந்தந்தப் படத்துக்குக் கீழே வைப்பேன். ஐமூவி போன்ற சில மென்பொருள்களில் கிளிப்போடு ஒட்டிய ஒலி அதோடு சேர்ந்தே நகரும். உங்களுடையதில் எப்படி என்று ஒரு கிளிப்பை நகர்த்திச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அப்புறமும் ஒரு படத்தை எடுக்கச் சொன்னால் அழிக்காதீர்கள். அதே இடத்தில் அதே நீளத்துக்கு வேறு படத்தை வையுங்கள். கோயில் கோபுரமோ, வாசல் கோலமோ போதும். பின்னால் இருப்பது அசையாது.

வாட்ஸாப்பில் வந்த கிளிப்பைத் தேதிப்படி அடுக்குவது

பைல் பெயரில் இருப்பது அனுப்பிய தேதி, எடுத்த தேதி இல்லை. படத்தின் தரமும் குறைந்திருக்கும். எடுத்தவரிடமே போய் ஒரிஜினலைப் பென்டிரைவில் வாங்குங்கள்.

பக்கம் புரள்வது, இதயம் விரிவது

டிரான்சிஷனில் இந்த வித்தைகள் வேண்டாம்.

பாட்டால் எல்லாவற்றையும் மூடுவது

காது குத்தும்போது பிள்ளை அழுவதும், மாமன் "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்பதும் கேட்க வேண்டும். அந்த இடத்தில் பாட்டைக் குறையுங்கள், அல்லது நிறுத்துங்கள்.

எக்ஸ்போர்ட் ஆனதைப் பார்க்காமல் கொடுப்பது

முழுவதும், கடைசி விநாடி வரை, ஒலியோடு. நடுராத்திரியானாலும் பாருங்கள்.

கழித்ததைத் தூக்கிப் போடுவது

கழித்த கிளிப், நறுக்காத ஒலிப்பதிவு எல்லாம் தனி போல்டரில் இருக்கட்டும். ஆயாவின் அந்த நான்கு நிமிடம் என் ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. போன மாதம் அவருடைய பேரன் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.