தகரம் தட்டக் கைக்கருவி செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய சுத்தியல் தலை ஒன்று வாங்கி, பிடி போட்டு, அன்றைக்கே த்ரீவீல் மட்கார்ட்டைத் தட்ட உட்கார்ந்தேன். நசுங்கல் நிமிர்ந்தது. ஆனால் தகரம் முழுக்கப் பிறை பிறையாகத் தழும்பு. எங்கள் ஒழுங்கையில் டிங்கரிங் வேலை செய்யும் பாஸ் வந்து, தகரத்தைத் தொடாமல் சுத்தியலைத்தான் வாங்கிப் பார்த்தார். "தம்பி, இதில இருக்கிற கோடெல்லாம் அதில விழும்" என்றார்.

சுத்தியலின் தட்டும் முகத்தைத் தேய்க்காமல் வேலையைத் தொடங்குவதுதான் ஆகப் பெரிய தவறு. தட்டையான சுத்தியலுக்கும் நடுவில் மிக இலேசான மேடு வேண்டும், விளிம்பு உருண்டிருக்க வேண்டும். அந்தப் பிறைகளைப் போட்டது கூர் விளிம்புதான். முதலில் 80 சாண்ட் பேப்பர், பிறகு 120, 240, 400. முந்தைய தாள் போட்ட கோடு மறையும்வரை அடுத்ததை எடுக்காதீர்கள். கடைசியில் டியூப் லைட்டுக்குக் கீழே சுத்தியலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சக் கோடு உடையாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. தகரத்துக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டியான டொலிக்கும் இதே கவனிப்பு வேண்டும். கிரைண்டரில் பிடிக்கும்போது இரும்பு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் உறுதி போய்விட்டது என்று அர்த்தம். கை பொறுக்கும் சூட்டிலேயே தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேயுங்கள்.

அடுத்தது பழைய அரம். அதை வளைத்து, தகரத்தை அறைந்து தட்டும் தட்டுப்பட்டை செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அரம் கண்ணாடி மாதிரி, வளையாது, படீரென்று உடையும். லொறி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு எடுத்தால் வளைவு ஏற்கெனவே இருக்கும், தோல் ஒட்டினால் தழும்பும் விழாது. சுத்தியலால் இன்னொரு சுத்தியலை அடிப்பதும் வேண்டாம். இரண்டும் கடினமான இரும்பு. தெறிக்கும் சில்லு கண்ணுக்குத்தான் போகும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

மரக் கொட்டாப்புளிக்குப் பாலை மரம் அருமை, ஆனால் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிடி ஆடினால் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். மரம் ஊதி இறுகும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். ஆப்பு அடிப்பதுதான் வழி.

தகரத்தை மேலே வைத்துத் தட்டும் மணல் பைக்குக் கடற்கரை மணல் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுக்கும், பை நொந்துபோகும், தகரத்தில் துரு ஏறும். ஆற்று மணலைக் கழுவி, வெயிலில் காயவைத்து நிரப்புங்கள்.

சரி, கருவி தயார். இனிப் பலர் விடும் பிழை, டொலியை நேர் பின்னால் வைத்து ஓங்கி ஓங்கி அடிப்பது. இரண்டு இரும்புக்கும் நடுவில் தகரம் மெலிந்து விரிகிறது. விரிந்தது போக இடமில்லாமல், விரலால் அழுத்தினால் டப் டப் என்று உள்ளேயும் வெளியேயும் துள்ளும். அதைத் திருத்துவது நசுங்கலைத் திருத்துவதைவிடக் கஷ்டம். பள்ளத்துக்குப் பின்னால் டொலியை அழுத்திப் பிடித்து, பக்கத்து மேட்டை மெதுவாகத் தட்டினால் இரண்டும் சேர்ந்து சமமாகும்.

தட்டத் தட்ட உலோகம் இறுகும். அலுமினியமாக இருந்தால் சூடாக்கி இளக்கலாம். ஆனால் அது சிவக்காது, 660 பாகை செல்சியஸில் நேரே உருகிவிடும். அதனால் முதலில் சவர்க்காரம் பூசிச் சூடாக்குங்கள். அது கரும்பழுப்பானதும் நெருப்பை எடுத்துவிடுங்கள். நாகம் (சிங்க்) பூசிய தகரத்தை மட்டும் இப்படிச் சூடாக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

அப்புறம், சமமாகிவிட்டதா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியைத் தகரத்தில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையால் நீளமாகத் தடவுங்கள். கண்ணுக்குப் படாத மேடும் கைக்குத் தெரியும்.