'பை' எங்கே வரும்? தமிழ்ச் சொல்லின் வாலைப் பாருங்கள்

பெங்களூர் பீன்யாவில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் பில், மெயில், ஃபோன் மூன்றையும் பன்னிரண்டு வருஷமாக நான்தான் பார்க்கிறேன். சாயங்காலம் ஸ்ரீராம்புரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் தெருவில் ஏழெட்டுப் பேர் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள நோட்டோடு வந்துவிடுவார்கள். கார்மென்ட்ஸுக்குப் போகும் அக்காக்கள், டெலிவரி வண்டி ஓட்டும் தம்பிகள், பி.யூ.சி. (இங்கே பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு அந்தப் பெயர்) படிக்கும் பிள்ளைகள். எல்லாரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. 'பி', 'ஒய்' என்று இரண்டே எழுத்து உள்ள 'பை'.

பள்ளிக்கூடத்தில் "பை என்றால் 'ஆல்'" என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 'பை ஃபிரைடே' என்று ஒரு மெசேஜ் வந்தால் 'வெள்ளியால்' என்றா படிப்பது? அதனால் நான் வேறு மாதிரி சொல்லித் தருகிறேன். சொல்ல வந்ததை முதலில் தமிழில் சொல்லுங்கள். அந்தச் சொல்லின் வாலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பை வருமா, வேறு ஏதாவது வருமா என்பதை அந்த வாலே காட்டிக்கொடுக்கும்.

'க்குள்' என்ற வாலில் ஆரம்பிக்கிறேன். வேலையிடத்தில் அதிகம் வம்பு வருவது இங்கேதான். "வெள்ளிக்குள் பெட்டி வேணும்" என்றால் 'பை ஃபிரைடே'. வியாழனே வந்தாலும் சரி, வெள்ளி சாயங்காலம் வந்தாலும் சரி, சனிக்கிழமை ஆகக் கூடாது. 'வெள்ளியன்று' என்றால் 'ஆன் ஃபிரைடே'. 'வெள்ளி வரை' என்றால் 'டில் ஃபிரைடே'. 'வரை' வந்தால் வேலை அதுவரைக்கும் நடந்துகொண்டே இருக்கிறது. 'க்குள்' வந்தால் வேலை அதற்கு முன்னால் எப்போதாவது ஒரு தடவை முடிகிறது. கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும், அது டில். ஒன்பது மணிக்குள் கடைக்கு வந்துவிடுங்கள், அது பை.

ஆனால் 'க்குள்' ஒரு இடத்தில் நம்மைக் கவிழ்த்துவிடும். டெலிவரி வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நாள் கஸ்டமருக்கு 'விதின் ஃபிரைடே' என்று எழுதிவிட்டு என்னிடம் காட்டினான். தப்பு என்றேன். "அக்கா, மூணு நாளைக்குள்ளன்னா விதின், வெள்ளிக்குள்ளன்னா பையா? ரெண்டும் 'க்குள்'தானே?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சுவரில் இருந்த மாதக் காலண்டரைக் கழற்றி அவன் மடியில் வைத்தேன். "வெள்ளிக்கிழமையை விரல் வச்சுக் காட்டு." காட்டினான். "மூணு நாளைக் காட்டு." ஒரு கட்டத்தில் வைத்த விரலை இழுத்துக்கொண்டே போனான், இரண்டு கட்டம் தாண்டி நின்றது. அவ்வளவுதான். விரல் ஒரே இடத்தில் நின்றால் பை. விரல் நகர்ந்தால் விதின். பத்தாம் தேதி, பொங்கல், ஐந்து மணி எல்லாம் விரல் நிற்கிற இடங்கள். ஒரு வாரம், இரண்டு மணி நேரம் எல்லாம் நகர்கிற இடங்கள்.

இப்போது 'ஆல்'. நம்முடைய 'ஆல்' ஆளுக்கும் ஒட்டும், கருவிக்கும் ஒட்டும். இங்கிலீஷ் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். செய்தவர் யார் என்றால் பை, எதை வைத்துச் செய்தார் என்றால் வித். அட்டை அக்காவால் வெட்டப்பட்டது, அது பை. பிளேடால் வெட்டப்பட்டது, அது வித்.

அப்படியென்றால் 'பை ஹேண்ட்' எப்படி என்று உடனே கேட்பார்கள். அங்கே கை என்பது கருவி இல்லை, செய்கிற முறை. மெஷினில் ஒட்டியதா, கையில் ஒட்டியதா என்று முறையைச் சொல்லும்போது 'பை மெஷின்', 'பை ஹேண்ட்'. முறையைச் சொல்லும் பைக்குப் பின்னால் 'எ', 'த', 'மை' எதுவும் வராது, பெயர் மொட்டையாக நிற்கும். 'பை பஸ்', 'பை மெட்ரோ' எல்லாம் இந்த வகைதான். என் கார், காலை பஸ் என்று குறிப்பாகச் சொன்னால் பை விலகிவிடும்: 'இன் மை கார்', 'ஆன் த மார்னிங் பஸ்'. நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்லும் 'பை வாக்' இங்கிலீஷில் கிடையாது. 'ஆன் ஃபுட்' என்று சொல்லலாம்; 'ஐ வாக்ட்' என்றால் இன்னும் நல்லது. 'பை மிஸ்டேக்' சரி, தவறுதலாக. 'பை ஹார்ட்' என்பதைப் பிள்ளைகள் வினைச்சொல்லாகவே வைத்திருக்கிறார்கள். முன்னால் 'லேர்ன்' வந்தால்தான் மனப்பாடம் செய்வது.

'ஓரம்' என்ற வாலுக்கும் பை. ஜன்னலோரம், ரோட்டோரம், ஏரியோரம். நியர் என்றால் பக்கத்தில் எங்கேயோ, பை என்றால் ஒட்டியே.

இதுவரை சொன்ன மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்ட எனக்கு நம் அல்சூர் திருவள்ளுவர் சிலையை விட்டால் வேறு நல்ல உதாரணம் கிடையாது. ஏரியோரம் இருக்கிற சிலை, ஒரு பை. 2009 ஆகஸ்ட் 9 அன்று, அப்போது தமிழ்நாட்டு முதல்வராக இருந்த கருணாநிதியால் திறக்கப்பட்டது, இரண்டாவது பை. 1991-லிருந்து மூடியே கிடந்த சிலை அது. திறப்பதற்குள் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அந்தத் 'திறப்பதற்குள்' தான் 'பை த டைம் இட் வாஸ் அன்வெயில்ட்', மூன்றாவது பை. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு இங்கிலீஷ் பாடம் மட்டும் நடத்துகிற மாதிரி இருக்காது.

வால் இல்லாத பையும் உண்டு, அது அளவுக்கு. எங்கள் பட்டறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும்: 'ட்வெல்வ் பை டென் பை எய்ட்'. நீளம், அகலம், உயரம், அந்த வரிசையில். பெங்களூரில் வீட்டு மனை என்றாலே 'தர்ட்டி பை ஃபார்ட்டி' சைட்தான் முதலில் வாயில் வரும், 1200 சதுர அடி. தர்ஷினி என்று இங்கே சொல்லும், நின்றபடி சாப்பிடுகிற ஓட்டலில் கேட்கும் 'பை டூ காபி' வேறு கணக்கு. ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றுவது, ஒன்றின் கீழ் இரண்டு. பின்னத்தைப் பை போட்டுப் படிப்பது நம் நாட்டு வழக்கம். வெளிநாட்டுக்காரரிடம் 'ஹாஃப்' என்றே சொல்லுங்கள்.

அடுத்தது என் கையைச் சுட்டது. ஒரு பழைய வாடிக்கையாளருக்கு எட்டு சதவீதம் தள்ளுபடி கொடுத்து வந்தோம். காகித விலை ஏறியதும் அதை ஐந்து சதவீதமாகக் குறைக்கச் சொன்னார் முதலாளி. நான் 'ரெட்யூஸ்ட் பை ஃபைவ் பர்சென்ட்' என்று மெயில் போட்டேன். அவர் எட்டில் ஐந்தைக் கழித்து, மிச்சம் மூன்றுதானா என்று கொதித்துப்போய் ஃபோன் செய்தார். அவர் கணக்கில் பிழை இல்லை, நான்தான் 'டு' போட்டிருக்க வேண்டும். மூன்று நாள் பேசித்தான் சமாதானம் ஆனது. இங்கேயும் தமிழ் வால் உதவும். 'ஆக' ஒட்டினால் டு: ஐந்தாகக் குறைந்தது, பதினாறு ரூபாயாக ஏறியது. எதுவும் ஒட்டாமல் வித்தியாசம் மட்டும் வந்தால் பை: இரண்டு ரூபாய் ஏறியது. விலை எழுதும்போது பழைய விலை, புதிய விலை இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். அன்றிலிருந்து நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

'கணக்கில்' என்று வந்தால் பைக்குப் பின்னால் 'த' கட்டாயம். கிலோக் கணக்கில் 'பை த கிலோ', பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அக்காக்களுக்கு 'பை த பீஸ்'. ஒவ்வொருவராக வருவது 'ஒன் பை ஒன்', இங்கே 'த' வேண்டாம். யார் துணையும் இல்லாமல் தனியாக என்றால் 'பை மைசெல்ஃப்'.

கடைசியாக, பின்னால் பெயர்ச்சொல்லே இல்லாமல் வினையோடு மட்டும் ஒட்டி நிற்கிற பை. இது பெரும்பாலும் தமிழில் ஒரு துணை வினையாக இறங்கும். 'பாஸ் பை' கடந்து போவது. 'புட் பை' பணத்தை ஒதுக்கி வைப்பது. சீட்டுக் கட்டுகிற அக்காக்களுக்கு இது ஒரே தடவையில் மனசில் நின்றுவிட்டது. 'ட்ராப் பை' என்பதற்கு ரொம்ப நாள் சரியான தமிழ் தேடினேன். மாடி வீட்டுப் பாட்டிதான் கொடுத்தார். பாடம் நடக்கும்போது வாசலில் நின்று, "ஸ்டேஷன் பக்கம் வந்தேன், அப்படியே உன்னையும் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு" என்றார். "இதுதான், எழுதிக்கோங்க" என்றேன். ஏழு பேரும் எழுதிக்கொண்டார்கள்.