மைதானத்தில் இருந்த ஒழுக்கம் பணத்தில் வராமல் போவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டில் தேறியவர் தொழிலிலும் பணத்திலும் தானாகவே தேறிவிடுவார் என்று நம்புவதுதான் முதல் தவறு. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் வீரர்களைப் பற்றி 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓய்வு பெற்ற 12 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 16 சதவீதம் பேர் திவால் ஆகியிருந்தது தெரிந்தது. அதிகம் சம்பாதித்ததோ அதிக காலம் ஆடியதோ அவர்களைக் காப்பாற்றவில்லை. அவர்களிடம் ஒழுக்கத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் மைதானத்தில் அதைத் தாங்கிப் பிடிக்கப் பயிற்சியாளர் இருந்தார், கால அட்டவணை இருந்தது, தவறினால் அன்றைக்கே தெரிந்தது. பணத்துக்கு யாரும் விசில் ஊதுவதில்லை. அந்த ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும்.

பயிற்சிக் குறிப்பேடு எழுதிய கை, செலவுக் கணக்கையும் எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் போதும்: வங்கி இருப்பு, கட்ட வேண்டிய தவணை, வரும் வாரச் செலவு. சேமிப்பு, சம்பளம் வந்த மறுநாளே கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வையுங்கள். பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கட்டுபவர்கள் மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். 5-ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 6-ஆம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது.

எடுத்த எடுப்பில் சம்பளத்தில் பாதியை எஸ்ஐபியில் (பரஸ்பர நிதியில் மாதாமாதம் போடும் முதலீடு) போட்டுவிட்டு மூன்றாம் மாதம் நிறுத்துபவர்கள் நிறைய. எந்தப் பயிற்சியாளரும் முதல் வாரமே முழு எடையைத் தூக்கச் சொல்வதில்லை. 10 சதவீதத்தில் தொடங்கி, ஊதியம் உயரும்போதெல்லாம் உயர்ந்த தொகையில் பாதியைச் சேர்த்துக்கொண்டே போங்கள். அதற்கும் முன்னால் ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும். ஆட்ட ஒப்பந்தத்தை நம்பி வாழ்பவருக்கு ஒரு வருடச் செலவு; ஒரு காயம் போதும், வருமானம் நின்றுவிடும்.

பரிசுப் பணத்தை முழுதாகச் செலவழித்துவிடுவதும் வழக்கமாக நடப்பது. ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த் போட்டிப் பதக்கத்துக்கு அரசு தரும் ரொக்கப் பரிசுக்கு வரிவிலக்கு உண்டு. லீக் ஒப்பந்தப் பணத்துக்கு அது கிடையாது. டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்துக் கட்டும் வரி) போக மீதி வரி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டியே தவணையில் கட்ட வேண்டும். முதல் தவணை ஜூன் 15. வந்த பணத்தில் 30 சதவீதத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டால் பிறகு கடன் வாங்க வேண்டியிருக்காது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, விட்டுக்கொடுக்காத குணம். ஆட்டத்தில் கடைசி நிமிடம் வரை போராடுவது சரி. பங்குச் சந்தையின் எஃப்&ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் நஷ்டத்தை மீட்க அளவை இரட்டிப்பாக்கினால், போட்ட முதலே போய்விடும். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு சொல்கிறது.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் (செயற்கைப் புல்) மைதானம் தொடங்கும் முன்னாள் வீரர்களுக்கும் இதே கதிதான். கூட்டம் மாலை ஆறுக்கு மேலும் சனி ஞாயிறுகளிலும்தான் வரும். வாடகை முழு நாளுக்கும் ஓடும். செயற்கைப் புல் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏழு வருடத்தில் மாற்ற எட்டு லட்சம் ஆகும் என்று வைத்தால், முதல் மாதத்திலிருந்தே சுமார் 9,500 ரூபாயை அதற்கென எடுத்துவைக்க வேண்டும். அதை எடுக்காமல் லாபம் என்று எண்ணுவது வெறும் தோற்றம். தொடங்கும் முன்பே, எவ்வளவு போனால் நிறுத்துவது, எத்தனை மாதம் பார்ப்பது என்று எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நஷ்டத்தின் நடுவில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறாகவே போகும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கி வேலைக்கு வந்தவர்கள், ஆடும் காலம் வரை கிளை வேலையைத் தொடாமலே இருந்துவிடுவது உண்டு. ஆட்டம் முடிந்து மேசைக்கு வரும்போது, உடன் சேர்ந்தவர்கள் அதிகாரி ஆகியிருப்பார்கள். வங்கி ஊழியர்கள் பதவி உயர்வுக்கு உதவும் என்று எழுதும் ஜேஏஐஐபி தேர்வில் நான்கு தாள்கள்தான். போட்டிகள் இல்லாத மாதங்களில் பயிற்சிக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஆடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம்.