கோழி, வாத்து, கின்னிக்கோழி: மூன்றையும் ஒரே தோட்டத்தில் வளர்க்க

குடியாத்தம் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடம், அதில்தான் மூன்றும் வளர்கின்றன. பகல் முழுக்க ஒன்றாகவே மேயலாம். தண்ணீரும் ராத்திரி அடையும் இடமும் மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

வாத்து தின்னும்போதே குடிக்கும், மூக்கையும் கண்ணையும் முக்கிக் கழுவும் அளவுக்கு ஆழம் இல்லாவிட்டால் அதற்குக் கண் கெட்டுவிடும், அதனால் அது குடிக்கிற இடத்தைச் சுற்றி எப்போதும் சேறுதான். முதல் வருஷம் மூன்றையும் ஒரே கொட்டகையில் அடைத்தேன். கீழே கடலைத்தோல் பரப்பியிருந்தேன், ஒரே வாரத்தில் வாத்துகள் அதை ஊற வைத்துவிட்டன, இரத்தக் கழிச்சல் வந்து பதினோரு கோழிக்குஞ்சுகள் போயின. இன்று நினைத்தாலும் மனசு கனக்கிறது. இப்போது வாத்துத் தொட்டி தோட்டத்துக் கோடியில், அழுக்குத் தண்ணீர் நேராக வாழைக்குப் போகிறது. கோழிக்கு முழங்கால் உயரத் திண்டின் மேல் மண்சட்டி. கொட்டகைக்குள் தண்ணீரே கிடையாது, கடலைத்தோல் ஈரமானால் அன்றைக்கே அள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

கோழி கம்பில் ஏறித் தூங்கும், வாத்து தரையில் படுக்கும். கம்புக்கு அடியில் வாத்து படுத்தால் எச்சமெல்லாம் அதன் முதுகில்தான், ஆகவே வாத்துக்குத் தனியாகத் தாழ்வான கூண்டு, கீரி நுழையாதபடி சின்னக் கண் கம்பிவலை.

கின்னி மரத்தைத்தான் தேடும். வளர்ந்ததை வாங்கி வந்த அன்றே திறந்துவிட்டால் பக்கத்து மாந்தோப்பில் போய்த்தான் தேட வேண்டும். ஆறு வாரம் அடைத்து வையுங்கள், தினமும் சாயங்காலம் ஒரே மாதிரி குரல் கொடுத்து ஒரு கை கம்புத் தானியம் போடுங்கள், அப்புறம் தானாகக் கொட்டகைக்கு வரும். இதைவிட நல்ல வழி, முட்டை வாங்கி நாட்டுக்கோழியை அடை வைப்பது. கோழி முட்டை 21 நாளில் பொரியும், கின்னிக்கு 26 முதல் 28 நாள் ஆகும், இரண்டையும் கலந்து வைத்தால் கோழிக்குஞ்சு வந்ததும் தாய் எழுந்துபோய்விடும். தாய் இல்லாமல் பல்பு வெளிச்சத்தில் வளர்ப்பதானால் முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் கால் அகன்றுவிடும், கோணி விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் குஞ்சு மூழ்கிச் சாகும்.

ஆண்களைக் குறைவாக வையுங்கள். ஐந்தாறு பெட்டை வாத்துக்கு ஒரு ஆண் போதும், பெட்டை பற்றாவிட்டால் அது கோழி மேல் ஏறும், கோழியின் உடம்பு அதைத் தாங்காது, உள்ளே காயம் பட்டுச் செத்தே போகலாம். ஆண் கின்னி சேவலை விரட்டி விரட்டிக் கொத்தும், தீனியை மூன்று இடத்தில் பிரித்துப் போட்டால் சண்டை குறையும்.

நம் ஊரில் கடலைப் புண்ணாக்கு சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் பூஞ்சை நஞ்சுக்குக் கோழியைவிட வாத்து சீக்கிரம் விழும். லேசாக நாற்றம் அடித்தாலும் எதற்கும் போடாதீர்கள்.

வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது. அந்த நோயின் பெயர் ராணிக்கெட், அது இமயமலைப் பக்கத்து ஊர், ஆனால் மருந்து தயாராவது நம் ராணிப்பேட்டையில், 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, நான்காவது வாரம் இன்னொரு சொட்டு, எட்டாவது வாரம் ஊசி. கின்னிக்கும் சேர்த்துப் போடுங்கள். வாத்து இந்தக் கிருமியை வெளியே தெரியாமலே சுமக்கும், அதனால் புதிதாக வாங்கிய எதையும் மூன்று வாரம் தனியாக வைத்த பிறகே சேர்க்க வேண்டும். மருந்தை ஐஸ் வைத்தே கொண்டு வாருங்கள்.

கத்திரி வெயிலில் கூரை மேல் நனைத்த கோணி போடுங்கள், மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள். சுட்ட தண்ணீரை வாத்துகூடத் தொடாது.